பெலியாஸ் என்கிற பிச்சைக்கண்ணு

ஆறுமுகத்தாய் அந்தக் குழந்தையைக் கண்டெடுத்தது நல்ல உச்சிவெயிலில். தச்சநல்லூருக்குத் தெற்கே ஆற்றை ஒட்டிய வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. கஞ்சி குடித்துவிட்டுக் கை கழுவ ஆற்றில் இறங்கியவள், கரையோரம் ஒரு ஜட்கா வண்டிக் குதிரை தனியாக நிற்பதைப் பார்த்தாள். குளிப்பாட்டக் கொண்டுவந்தவன் எங்கேயோ போயிருந்தான். குதிரை முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நின்றது. காலைக் கீழே வைக்கவும் இல்லை, நகரவும் இல்லை. பக்கத்தில் போனபோதுதான் நாணலுக்குள் பழஞ்சேலையில் சுற்றிய பிள்ளை ஒன்று கிடப்பது தெரிந்தது. இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, பிறை போல ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. பிள்ளை அழவில்லை. குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

இது நடந்து அறுபது வருடம் ஆகிறது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்திலிருந்த தர்ம ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் டாக்டர் மெர்வின். பாதிரியாருக்குப் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு வைத்தியத்துக்கு வந்தவர். அப்போதே நல்ல வயதாகியிருந்தது. கன்னத்தைத் துடைத்து மருந்து வைத்தபடி கேட்டார்.

"என்ன மிதிச்சது?"

"குதிர மிதிச்சிருக்கும் போல, ஐயா."

"எங்கன கெடந்துச்சு?"

"ஆத்துக்குள்ள. நாணல்ல."

டாக்டர் சிரிக்கப் போனவர், சிரிக்காமல் நிறுத்திக்கொண்டார். பதிவேட்டைத் திறந்து, பெயர் எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு எழுதினார்.

"பெலியாஸ். ராஜா பேரு" என்றார்.

எந்த ஊர் ராஜா என்று கேட்க ஆறுமுகத்தாய்க்குத் தோன்றவில்லை. அவள் புருஷன் சுடலைமணி, ஆற்றின் குறுக்கே இருந்த ஒரு சின்ன அணைக்கட்டில் லஸ்கர். மதகுப் பலகைகளை ஏற்றி இறக்குவதும், தண்ணீர் மட்டத்தைக் குறித்து அதிகாரிகளுக்குச் சொல்வதும் அவர் வேலை. வீட்டில் ஏற்கெனவே இசக்கிமுருகன் என்று இரண்டு வயது மகன் இருந்தான். சுடலைமணி புதுப் பிள்ளையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், "ஆறு குடுத்த பிச்ச. வளத்துருவோம்" என்றார். அதிலிருந்து வீட்டில் அவன் பிச்சைக்கண்ணு. காகிதத்தில் மட்டும் பெலியாஸ்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தக் காகிதப் பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளைகள் காதில் 'பலியாஸ்' என்று விழுந்தது. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாமியாடி கேட்கிற பலி. அன்று சாயங்காலமே தெருவில் "ஏலே பலியா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆறுமுகத்தாய் எதற்கும் அதிகம் கோபப்படாதவள். இதற்கு மட்டும் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

"என்னன்னும் கூப்புடுங்க. ஆத்துப் பக்கம் வச்சு அந்தப் பேரச் சொல்லாதீங்க. அதுக்குக் காது உண்டு."

அண்ணன் தம்பி இருவரும் ஒரே தட்டில் தின்று, ஒரே பாயில் படுத்து வளர்ந்தார்கள். இசக்கிமுருகன் சாது. பத்தாவது தேறியவன். அவன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். பிச்சைக்கண்ணுவுக்குப் படிப்பு ஒட்டவில்லை. ஆனால் பார்த்த எழுத்தை அப்படியே வரைந்துவிடுவான். பார்த்துப் பார்த்து அண்ணன் எழுத்தையும் வரையப் பழகியிருந்தான்.

பிச்சைக்கண்ணுவுக்கு இருபத்துநாலு வயதிருக்கும்போது, ஒரு ஐப்பசி வெள்ளத்தில், மூன்றாவது மதகில் சிக்கிய மரத்தைத் தள்ளப் போன சுடலைமணியை ஆறு இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஆழ்வார்திருநகரிப் பக்கம் கரை ஒதுங்கினார்.

வேலையில் இருக்கும்போது இறந்ததால் வாரிசு வேலை உண்டு என்றார்கள். ஒரு மகனுக்குத்தான் கிடைக்கும். "மூத்தவனுக்குன்னு எழுதுங்க" என்று ஆறுமுகத்தாய் சொல்லிவிட்டாள். இசக்கிமுருகன் அப்போது மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் தற்காலிக வேலைக்குப் போயிருந்தான். அவனுக்கு வந்த தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் பிச்சைக்கண்ணு. இரண்டு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். அந்த இரண்டு நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், 'என் தம்பிக்கு இந்த வேலையை வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அதன் அடியில் அச்சடித்த மாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்தை இட்டான். வேலையைத் தனக்குக் கேட்கும் வேறொரு தாளை, என்னவென்று சொல்லாமல் அம்மாவிடம் நீட்டினான். எழுதப் படிக்கத் தெரியாத அவள், காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தாள்.

நாலு மாதம் கழித்து மலையிலிருந்து இறங்கி வந்த இசக்கிமுருகன், அணைக்கட்டின் மேல் காக்கிச் சட்டையோடு தம்பி நிற்பதைப் பார்த்தான். கிட்டே வந்தான்.

"எம் பேர நீதானல எழுதுன?"

"ஆமா."

அண்ணன் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. அணைக்கட்டின் மேலேயே நடந்து அக்கரை ஏறிப் போய்விட்டான். பத்து வருடம் கழித்து ஆறுமுகத்தாய் செத்தபோது ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். வந்தான். ஆனால் ஆற்றைத் தாண்டவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அக்கரை மருத மரத்தடியில் நின்று, இக்கரையில் தாய்க்குக் கொள்ளி வைப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். கொள்ளி வைத்தது பிச்சைக்கண்ணு.

வருடங்கள் ஓடின. பிச்சைக்கண்ணு நல்ல லஸ்கர் என்று பெயரெடுத்தார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மலையில் மழை எப்போது பெய்தது என்று சொல்லிவிடுவார். கல்யாணம் ஆயிற்று. ப்ரியா என்று ஒரே மகள். மனைவி சர்க்கரை வியாதியில் போய்விட்டாள். மகள் படித்து, கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, தச்சநல்லூரில் வாடகை வீட்டில் இருந்தாள். அவர் மட்டும் அணையடி வீட்டில். முப்பத்தாறு வருடத்தில் அண்ணனைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. மகளுக்குப் பெரியப்பா என்று ஒருவர் இருப்பதே தெரியாது.

ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது பழைய பெயர் மறுபடியும் எழுந்து வந்தது. பணிப்பதிவேட்டில் 'பெலியாஸ்' என்றும் ஆதார் அட்டையில் 'பலியாஸ்' என்றும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி வக்கீலிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள்.

பாளையங்கோட்டையில் சண்முகசுந்தரி என்ற வக்கீலம்மாவிடம் போனார். அறுபதைத் தாண்டியவர். சட்டம் படிக்கும் முன் ஆங்கில இலக்கியம் படித்தவர். அலமாரியில் பாதி சட்டப் புத்தகம், பாதி கதைப் புத்தகம். அட்டையை வாங்கிப் பார்த்தவர் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் இருந்த கறுநீல வடுவைப் பார்த்தார்.

"இந்தப் பேர யாரு வச்சா?"

"ஒரு டாக்டரு. ராஜா பேருன்னாவளாம்."

"ராஜா பேருதான். கிரேக்கத்துப் பழங்கதையில வாரவன். இந்தத் தழும்பு பொறவியிலேயே உண்டா?"

"குதிர மிதிச்சதும்மா. ஆத்தங்கரையில."

வக்கீலம்மா பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"நம்புவீங்களோ என்னமோ. அந்த ராஜாவையும் குதிரதான் மிதிச்சது. அவன் அம்மைக்கு ஒரு ஆத்து மேல ஆச. தெனமும் கரையில போயி நிப்பா. அங்கன பொறந்த பிள்ளைய வெளியில போட்டுட்டுப் போயிட்டா. குதிர மேய்க்கவன் ஒருத்தன் அந்தப் பக்கம் வாரான், குதிர பிள்ள மூஞ்சியில மிதிச்சிருது. கன்னிப் போயி நீலம் பாரிச்சிருச்சு. அவுக பாசையில பெலியோஸ்னா அந்த நெறம். ரத்தம் கட்டுன நெறம். மாடப்புறாவுக்கு அவுக சொல்லுத பேரும் அதே வேர்ல இருந்து வந்ததும்பாக. அதான் பெலியாஸ்."

பிச்சைக்கண்ணு கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப டாக்டரு தழும்பப் பாத்துத்தான் வச்சிருக்காவ."

"இருக்கும். ஆனா படிச்சவங்க இன்னொண்ணும் சொல்லுவாங்க. பேருதான் முந்தி, கத பிந்தி. பேருக்குக் காரணம் வேணும்னு குதிரை மிதிச்ச கதைய அதுக்கு அப்புறம் கட்டிட்டாங்கன்னு. பேரு முதல்ல வந்து உக்காந்துக்கிட்டு, தனக்கு வேணுங்கற கதைய பைய வரவழச்சுக்கிடுமாம்."

"பொறவு அவன் எப்படி ராஜா ஆனான்?"

"முறைப்படி அந்த ஆட்சி அவனுக்கு இல்ல. அவன் அம்மையக் கெட்டிக்கிட்ட ராஜாவுக்கு ஒரு சொந்தப் பிள்ள இருந்தான். அவனுக்குச் சேர வேண்டியது. அவனத் தள்ளிட்டு இவன் எடுத்துக்கிட்டான்."

மின்விசிறி சுற்றுகிற சத்தம் பிச்சைக்கண்ணுவுக்குப் பெரிதாகக் கேட்டது. வக்கீலம்மா அவர் முகம் மாறியதைக் கவனிக்கவில்லை. கதை சொல்லுகிற சந்தோஷத்தில் இருந்தார்.

"குறி கேக்கப் போனான். ஒத்தச் செருப்பு போட்டவன் ஒருத்தன் வருவான், அவனால ஒனக்கு அழிவுன்னு சொல்லிட்டாவ. வருசக்கணக்கா வாரவன் போறவன் காலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கான். ஒரு நா ஒருத்தன் ஆத்தத் தாண்டி வந்தான். இடது கால் செருப்ப ஆறு இழுத்துட்டுப் போயிருச்சு."

"யாரும்மா அது?"

"அந்தச் சொந்தப் பிள்ளையத் தள்ளி வச்சாம்லா, அவம் பிள்ள."

அதற்குள் வேறொரு கட்சிக்காரர் வந்துவிட்டார். வக்கீலம்மா தாளைத் தட்டச்சுக்குக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த ராஜா என்ன ஆனான் என்று கேட்காமலே பிச்சைக்கண்ணு எழுந்து வந்துவிட்டார். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குத் தன் அண்ணனைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அந்தக் கையெழுத்தைப் பற்றி யாருக்குமே தெரியாது.

அதன்பிறகு அவர் தூக்கம் போயிற்று என்று சொல்ல முடியாது. நன்றாகத் தூங்கினார். பகல்தான் மாறிப்போயிற்று.

மதகில் வந்து சேரும் குப்பையை அள்ளிக் கரையில் போடுவது அவருடைய தினசரி வேலை. ஆகாயத்தாமரை, பாட்டில், குளிக்க வந்தவர்கள் விட்டுப்போன துணி, செருப்பு. முப்பத்தாறு வருடமாக அள்ளுகிறார். செருப்புகள் எப்போதும் ஒற்றையாகத்தான் வரும் என்பது இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. ஜோடியில் மற்றது எங்கே போகிறது? முதல் வாரம் பதினோரு செருப்பு வந்தது. கரைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். பதினொன்றும் இடது கால். தற்செயல் என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தார். அடுத்த வாரம் ஆறு வந்தது. புரட்டிப் பார்க்காமல் தள்ளிவிட நினைத்தார். முடியவில்லை. ஆறும் இடது கால்.

எழுதி வாங்க வேண்டிய தாளுக்கு அவர் போகவில்லை. மகள் கைபேசியில் கேட்டபோது, "போவேன், என்ன அவசரம்" என்றார். அணைக்கட்டு வழியாக யார் நடந்து வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்த்தார். ஆடு மேய்க்க வருகிற செல்வமணி ஒருநாள் கேட்டேவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, என் கால்ல எதுவும் ஒட்டியிருக்கா?"

"இல்லல. சும்மா."

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலேயே மேலணையிலிருந்து தகவல் வந்தது: கூடுதலாகத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், மத்தியானம் ஒரு மணிக்குள் இங்கே வந்து சேரும். பிச்சைக்கண்ணு கரையோரம் துவைத்துக்கொண்டிருந்த பெண்களைக் கிளப்பி அனுப்பினார். செல்வமணியிடம் சொல்லி ஆடுகளை மேட்டுக்கு ஏற்றச் சொன்னார். அணைக்கட்டின் சுவர்மேல் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் வழிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டரை மணி. நிழல் காலுக்கடியில் சுருண்டிருந்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

மூன்றாவது மதகில் ஏதோ தட்டியது. எட்டிப் பார்த்தார். நீல வார் வைத்த பெண்பிள்ளைச் செருப்பு. புதுசு. கம்பால் இழுத்துக் கையில் எடுத்தார். இடது கால். வாரில் இன்னும் பாசி பிடிக்கவில்லை. இப்போதுதான் தண்ணீரில் விழுந்திருக்கிறது.

தலையைத் தூக்கியபோது, அணைச்சுவரின் மேல் அக்கரையிலிருந்து ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள். தோளில் துணிப்பை. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். வலது காலில் நீலச் செருப்பு. இடது கால் வெறுங்கால்.

அவருக்கு ஓட வேண்டும் போலிருந்தது. அவள் இக்கரை ஏறி, நேரே அவர் முன்னால் வந்து நின்றாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள், பிறகு கன்னத்தைப் பார்த்தாள்.

"பெலியாஸ்ங்கறது நீங்கதானா?"

ஆற்றங்கரையில் வைத்து அந்தப் பெயரை அவர் தன் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் கலைச்செல்வி. இசக்கிமுருகன் மக. அப்பா செத்து ரெண்டு மாசமாவுது."

பிச்சைக்கண்ணு அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளே ஒரு கல்லில் உட்கார்ந்து, பதறாமல், கோபமில்லாமல் சொன்னாள். எஸ்டேட்டில் வேலை நின்றுபோயிற்று. மலையிலிருந்த குடும்பங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிட்டன. அவள் அப்பா மட்டும் இறங்க மாட்டேன் என்று சொல்லி, அங்கேயே கண்ணை மூடினார்.

"எங்கப்பா பத்தாவது படிச்சவரு. ஆனா நான் பொறந்ததுலருந்து அவரு கையெழுத்துப் போட்டு நான் பாத்ததில்ல. எல்லாத்துக்கும் ரேகதான். ஏன்ப்பான்னு கேட்டா, எம் பேரு கீழ ஆத்துல ஒருத்தங்கிட்ட இருக்கு, எங்கிட்ட இல்லம்பாரு. வெளையாட்டுக்குச் சொல்லுதாருன்னு நெனச்சேன். கடைசி நாள்லதான் என்ன நடந்துச்சுன்னு சொன்னாரு."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"அந்தப் பழைய தாள்ல இருக்குத கையெழுத்து எங்கப்பா போட்டதில்ல, நீங்க போட்டதுன்னு எழுதிக் குடுங்க. அது போதும். அவரு பேர வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இன்னும் ஐந்து வாரத்தில் மாலை போட்டு அனுப்பி வைப்பார்கள். இதை எழுதினால் விசாரணை, கேவலம், மகள் முன்னால் தலைகுனிவு.

"நாளைக்கு வாங்க. யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். செருப்பைக் கேட்கவில்லை. அணைச்சுவரைக் கை காட்டி, "வந்த வழியாவே போயிரலாமா?" என்று கேட்டாள்.

மணி பன்னிரண்டு ஐம்பது. தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. ஓரத்தில் சருகுகள் மிதந்து வர ஆரம்பித்திருந்தன. அதற்கு அர்த்தம் அவரைவிடத் தெரிந்தவர் அந்த ஆற்றில் யாருமில்லை. பாலத்தைச் சுற்றிப் போங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"போங்க" என்று வந்தது.

அவள் இறங்கி நடந்தாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை; பாசிக் கல்லில் பையப் பைய அடியெடுத்து வைத்தாள். அவர் செருப்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். மதகுக்கு அடியில் தண்ணீர் ஒரு மாதிரியாக முனகியது. பலியா, பலியா என்று சின்ன வயதில் தெருப் பிள்ளைகள் கூப்பிட்டது போலவே இருந்தது. இதுவரை தன்னைக் கூப்பிடுவதாக நினைத்த சொல் அன்று அவருக்குக் கேள்வியாகக் கேட்டது: இவள் பலியா? ஆறு அவரிடம் கேட்டது. அவர் தலையாட்டியிருந்தார்.

பாதிச் சுவரில் கலைச்செல்வி நின்றுவிட்டாள். எதற்கு நிற்கிறாள் என்று தெரியவில்லை. அக்கரையைப் பார்த்தபடி நின்றாள். அவளைத் தாண்டி அவரும் அங்கே பார்த்தார். மருத மரத்தடியில் யாரோ நின்றார்கள். அந்த வெயிலில் கம்பளி போர்த்தியிருந்தார்கள்.

செருப்பைப் போட்டுவிட்டு ஓடினார் பிச்சைக்கண்ணு. அறுபது வயதுக் கால் அந்தச் சுவரின் ஒவ்வொரு கல்லையும் அறியும். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் திரும்பும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. மேல்பக்கமிருந்து ஒரு மரக்கிளை உருண்டு வந்து, அவள் நின்ற இடத்தை அடித்துக்கொண்டு கீழே விழுந்தது. இரண்டு தடவை வழுக்கி, ஒரு தடவை உட்கார்ந்து, எப்படியோ மதகுத் தூணைப் பிடித்துக் கரையேறினார்கள். சுவர் மறைந்துபோயிற்று. கரைக்குக் கரை செந்நிறத் தண்ணீர்.

இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பேசியது அவள்தான்.

"அக்கரையில ஆளு வச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"ஒருத்தரு நில்லு நில்லுன்னு கையக் காட்டுனாரு. வெள்ளத்துக்குக் காவலுக்கு நீங்க நிப்பாட்டியிருக்குத ஆளுன்னு நெனச்சேன்."

பிச்சைக்கண்ணு அக்கரையைப் பார்த்தார். மருத மரம் மட்டும் நின்றது.

"தாயி, தண்ணி வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போங்கன்னு சொன்னேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை. கடைசியில், "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். அவர் உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலமே ப்ரியாவை வரவழைத்து இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். தபாலை, வெள்ளைத் தாளை, பெருவிரலை, அன்றைய மத்தியானத்தை. ப்ரியா அழுதாள். பிறகு கலைச்செல்வியைத் தன்னோடு தச்சநல்லூர் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அப்பாவைப் பார்த்து, "நீங்களும் வாங்க. இங்கன தனியா இருக்க வேண்டாம்" என்றாள்.

மறுநாள் மூவரும் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். வக்கீலம்மா கடைசிவரை கேட்டார். பெயருக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளைத் தள்ளிவைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

"இத எழுதுனா என்னவெல்லாம் நடக்கும்னு தெரியுமா?"

"தெரியும்மா."

"பேரு?"

"பெலியாஸ் என்கிற பிச்சைக்கண்ணு."

எழுதி முடித்துக் கையெழுத்தானதும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த ராஜா கடேசில என்ன ஆனாரும்மா?"

வக்கீலம்மாவுக்குச் சொல்ல விருப்பமில்லை. அவர் விடவில்லை.

"வயசாயிப் போச்சு. ஒரு மந்திரக்காரி வந்து, கெழட்டு ஆட்டத் துண்டு போட்டுக் கொதிக்க வச்சுக் குட்டியாக்கிக் காட்டுனா. அப்பாவையும் அதே மாதிரி எளவட்டமாக்கலாம்னு நம்பி, பெத்த புள்ளைகளே ஆசையா அவன வெட்டிக் கொப்பரையில போட்டுட்டாக. எந்திரிக்கவே இல்ல."

ப்ரியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வக்கீலம்மாவிடம் பெரிய உறுதிமொழி சொல்வது போலச் சொன்னாள்.

"நாங்க அப்படிச் செய்ய மாட்டோம் மேடம்."

நாங்க என்று அவள் சொன்னதைக் கலைச்செல்வி மறுக்கவில்லை.

ஓய்வு நாளன்று மாலை போடவில்லை. விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம், ஓய்வு கிடையாது என்று உத்தரவு வந்தது. பிச்சைக்கண்ணு அணையடி வீட்டின் சாவியைப் புது லஸ்கரிடம் கொடுத்துவிட்டுத் தச்சநல்லூருக்கு வந்துவிட்டார். காலையில் இரண்டு பெண்களுக்கும் சோறு கட்டிக் கொடுக்கிறார். கலைச்செல்விக்கும் கங்கைகொண்டானிலேயே வேலை கிடைத்திருக்கிறது. அவரை அவள் எந்த முறை வைத்தும் கூப்பிடுவதில்லை. சாப்பிட வாங்க என்பாள், அவ்வளவுதான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதிய தாளின் நகலை எடுத்துக்கொண்டு அவள் அப்பாவைப் புதைத்த மலைக்குக் கிளம்பினாள். "நானும் வரட்டுமா?" என்று அவர் கேட்டார். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். மலையடிவாரச் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பட்டியலைப் பார்த்தார்கள். மேலே வீடு இருந்தவர்களின் குடும்பத்துக்கு மட்டும் அனுமதி. அவள் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. அவள் மட்டும் போனாள்.

அவர் சாலையோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். வண்டிகள் போயின. குரங்குகள் வந்து, அவரிடம் ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுப் போயின. மூன்று மணிக்கு மேல் அவள் இறங்கி வந்தாள். முழங்கைவரை செம்மண் ஒட்டியிருந்தது.

"வச்சிட்டேன்" என்றாள்.

"எதுவும் சொன்னியா?"

"ஒண்ணும் சொல்லல. படிச்சுக் காட்டுனேன். ரெண்டு தடவ படிக்க வேண்டியதாப் போச்சு."

"ஏன்?"

"மொதத் தடவ படிக்கையில தாளு கையில நிக்கல. காத்தே இல்ல, யாரோ மறுபக்கம் புடிச்சு வாங்குத மாதிரி இழுத்துச்சு. விடாமப் புடிச்சுக்கிட்டு இன்னொருக்கப் படிச்சேன். அப்புறம் விட்டுருச்சு."

திருநெல்வேலிப் பேருந்து வளைவில் வருவது தெரிந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். உட்கார இடமிருந்தது. ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.